கண்டிக்குப் போய்வருவதா, ஓர் இரவு தங்குவதா?

வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் மலையகத்துக்கு வரும்போது, பார்க்க வேண்டிய இடங்களில் கண்டியும் கட்டாயம் இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தாலும் சென்னையிலிருந்து வந்தாலும் அப்படித்தான். ஆனால் நாள் ஒதுக்கும் நேரம் வந்தால் நுவரெலியாவுக்கு இரண்டு இரவு, எல்லவுக்கு ஓர் இரவு என்று தாராளமாகக் கொடுத்துவிட்டு, கண்டியை மட்டும் "போற வழியில பார்த்துக்கலாம்" என்று முடித்துவிடுவார்கள். அந்த முடிவைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் தலைநகராக இருந்த ஊர் அது. கடைசியாக அங்கே அரியணையில் இருந்தவர்கள் மதுரை நாயக்கர் வழி வந்தவர்கள். நம் பெரியவர்கள் பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்தபோது, இந்த மலைநாடு முழுவதையுமே கண்டிச் சீமை என்றுதான் சொன்னார்கள். நான்கு மணி நேரத்தில் பார்த்துவிட்டுத் திரும்புகிற ஊர் இல்லை.

பொதுவாக மூன்று வழிகள் இருக்கின்றன. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ தங்கிக்கொண்டு பகலில் கண்டிக்குப் போய்வரலாம். நகரத்துக்கு வெளியே, பேராதனை, ஹந்தானை, கடுகண்ணாவைப் பக்கம் ஒரு ஹோட்டலில் தங்கலாம். இல்லையென்றால் நகரத்துக்குள்ளேயே, புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகைக்கு நடந்து போகிற தூரத்தில் ஓர் இரவு தங்கலாம். என் வாக்கு மூன்றாவதுக்குத்தான். ஆனால் எல்லோருக்கும் அது பொருந்தாது, அதையும் சொல்கிறேன்.

முதலில் பகல் பயணக் கணக்கு. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை வழியாகக் கண்டிக்கு ஏறக்குறைய 70 கிலோமீற்றர். தூரம் சின்னதுதான், பாதைதான் வளைவு மேல் வளைவு. பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் ஆகும், பேராதனையில் நெரிசலில் மாட்டினால் அதற்கும் மேலே. நுவரெலியாவிலிருந்து இறம்பொடை, புசல்லாவை வழி வந்தாலும் கிட்டத்தட்ட அதே கதைதான். வாந்தி வருகிற பிள்ளைகளும் முழங்கால் வலிக்கிற பாட்டியும் கூட இருந்தால் போக வர ஐந்தாறு மணி நேரம் வண்டியிலேயே போய்விடும். எட்டு மணிக்குக் கிளம்புகிற குடும்பம் பதினொரு மணிக்கு வந்து சேரும். அந்த நேரத்தில் மாளிகையில் காலைப் பூசை முடிந்து மேல்மாடிக் கதவு சாத்தியிருக்கும். வெயிலில் வரிசையில் நின்று, மூடிய கதவைப் பார்த்து, வாவிக்கரையில் ஒரு படம் எடுத்து, சாப்பிட்டு, சந்தையில் ஏதாவது வாங்கி, நாலு மணிக்கு வண்டி ஏற வேண்டியதுதான். "கண்டியில் அப்படி என்ன இருக்கு?" என்று கேட்பவர்களில் நிறையப் பேர் இப்படிப் பார்த்தவர்கள்தான்.

மாளிகையில் தினமும் மூன்று வேளை பூசை. காலை 5.30, 9.30, மாலை 6.30. தேவாவ என்பார்கள். கீழ் மண்டபத்தில் தவுல, தம்மெட்டம் என்று மேளங்கள் முழங்கும், கூடவே ஹொரணாவ ஊதுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நம் கோயில் சாயரட்சைப் பூசை நேரத்து மேளமும் நாதஸ்வரமும் போலவே இருக்கும். மேல்மாடியில் சனம் வரிசையாக நகரும். கையில் நீல அல்லி, தாமரை, மல்லிகை. பூவை நீளமான மேசையில் வைத்துவிட்டுத்தான் நகர வேண்டும், நின்று கும்பிட நேரம் கிடைக்காது. கதவு திறந்ததும் உள்ளே பொன் பேழை தெரியும். புனிதப் பல் அதற்குள்ளே இருக்கிறது, அது வெளியே தெரியாது. உங்களுக்குக் கிடைப்பது சில விநாடிகள்தான். ஆனால் பக்கத்தில் வெள்ளைச் சேலையில் நிற்கிற ஒரு கிராமத்து அம்மா அந்தச் சில விநாடிக்காக எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருப்பார் என்பது அவர் முகத்திலேயே தெரியும். புதன்கிழமைகளில் நறுமண நீராட்டுச் சடங்கும் உண்டு.

பார்ப்பதற்கு மாலைப் பூசை நல்லது, கூட்டம் பிடிக்காதவர்களுக்கு விடியற்காலைப் பூசை. வாவிமேல் பனிப்புகை கலையாத நேரத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஈரக் கல்லில் வெறுங்காலோடு நடந்து உள்ளே போவதற்கு, முதல் நாளே நகரத்துக்குள் வந்திருக்க வேண்டும். ஓர் இரவு தங்கச் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம். உடை விஷயத்தில் கண்டிப்பு உண்டு. தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும், வெள்ளை அல்லது வெளிர் நிறம் என்றால் மரியாதையாக இருக்கும். வெளிநாட்டவருக்குச் சீட்டு வாங்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் கடவுச்சீட்டைக் கையோடு வைத்திருங்கள், சார்க் நாட்டவருக்குச் சில இடங்களில் கட்டணச் சலுகை கிடைக்கும்.

இரண்டாவது காரணம், மாளிகையைச் சுற்றி இருப்பவை. வேன்காரர் ஒரு மணி நேரம் கொடுத்து இறக்கிவிட்டால் இவற்றில் பாதியைக்கூடப் பார்க்க முடியாது. 1739இல் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் அரியணை ஏறியதிலிருந்து 1815 வரை கண்டியை ஆண்ட நால்வரும் நாயக்கர்கள். அவர்களில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் சைவப் பின்னணியில் வந்தவர். அவர் காலத்தில்தான், 1753இல், சியாம் தேசத்திலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, உபாலி தேரர் வந்து இங்கே அறுந்துபோயிருந்த உபசம்பதையை, பிக்குகளுக்கு முழுத் துறவு கொடுக்கும் சடங்கை, மீண்டும் தொடக்கிவைத்தார். இன்றைய சியாம் நிகாயம் என்ற பிக்கு சங்கத்தின் வேர் அதுதான். மாளிகையின் முகமாக எல்லாப் படத்திலும் வருகிற எண்கோண மண்டபமும் அதன் எதிரே உள்ள வாவியும் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கட்டுவித்தவை. வாவி 1807இல் அமைந்தது. கரையை ஒட்டி அலை அலையாக வளைந்து போகிற வெள்ளைச் சுவரும் அவன் காலத்து வேலைதான். விளக்குப் பிறைகள் வரிசையாக உள்ள அந்தச் சுவரை மாலை வெயில் சாய்கிற நேரத்தில் பாருங்கள்.

அதே வளாகத்தில் மகுல் மடுவ இருக்கிறது. செதுக்கிய மரத்தூண்கள் நிற்கிற, சுவரில்லாத பெரிய கொலு மண்டபம். கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயர் கையில் கொடுத்த கண்டி ஒப்பந்தம் 1815 மார்ச் 2ஆம் திகதி கையெழுத்தானது இங்கேதான். அரசனை அதற்கு முன்னரே, பெப்ரவரியில், மெதமகாநுவர பக்கம் பிடித்துவிட்டார்கள். பிறகு குடும்பத்தோடு வேலூருக்கு நாடு கடத்தினார்கள், 1832இல் அங்கேயே இறந்தான். வேலூரில் பாலாற்றங்கரையில் இருக்கும் முத்து மண்டபம் அவன் சமாதிதான். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களிடம் இதை நான் மறக்காமல் சொல்வேன், அந்த மண்டபத் தூண்களுக்கு நடுவே நிற்கும்போது கதையின் இரண்டு முனையும் அவர்கள் கைக்கு எட்டுகிறது. அவனுடைய சிம்மாசனம் கண்டியில் இல்லை. இங்கிலாந்துக்குப் போய் 1934இல் திரும்பி வந்தது, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எதிர்ப்பக்கம் நாத தேவாலயம், நாத தெய்வத்தின் கோயில். 14ஆம் நூற்றாண்டுக் கல் கட்டடம், கண்டி நகரத்தில் எஞ்சியிருப்பதில் மிகப் பழையது. அதை ஒட்டிப் பத்தினி தேவாலயம், நம் கண்ணகியேதான். விஷ்ணு தேவாலயம் படியேறிப் போக வேண்டிய இடத்தில் அமைதியாக இருக்கிறது. கதிர்காம தேவாலயம் மட்டும் கொஞ்சம் தள்ளி, கொட்டுகொடெல்ல வீதியில் கடைகளுக்கு நடுவே. நான்கும் நடந்து பார்க்கிற தூரம்தான். அவசரமில்லாமல் பார்த்தால் ஒரு முழுக் காலைப்பொழுது வேண்டும்.

சரி, நகரத்துக்குள்ளா வெளியேயா? வெளியே தங்கினால் அறை பெரிதாக இருக்கும், மலைக்காட்சி இருக்கும், சில இடங்களில் நீச்சல் குளமும் இருக்கும். பிள்ளைகளோடு சொந்த வாகனத்தில் வருகிறவர்களுக்கு அது வசதிதான். ஆனால் மாலைப் பூசைக்கு நகரத்துக்குள் வர நினைத்தால், பேராதனை வீதி நெரிசலைத் தாண்ட வேண்டும். பாடசாலை விடும் நேரத்தில் ஆறு கிலோமீற்றரைக் கடக்க ஒரு மணி நேரம்கூட ஆகலாம். 1998இல் மாளிகை மீது நடந்த குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு அதற்கு முன்னால் உள்ள வீதியில் வாகனம் விடுவதில்லை, அந்தச் சுமையும் மற்ற வீதிகளில்தான் விழுகிறது. அதனால் வெளியே தங்குகிறவர்கள் பெரும்பாலும் மாலைப் பூசையை விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் கண்டியில் தங்கியதன் பயன் பாதி போச்சு.

நகரத்துக்குள் தங்கினால் சத்தம் உண்டு, அறை சின்னது. கடைத்தெருப் பக்கம் வேண்டாம், வாவியின் தென்கரையில் சங்கராஜ மாவத்தைப் பக்கம் தேடுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். "வாவிக்கு அருகில்" என்று போட்டிருக்கும் விடுதிகள் பல, வாவிக்கு மேலே குன்றில் இருக்கும். வரைபடத்தில் எட்டு நிமிடம் என்று காட்டும், ஏற்றத்தைக் காட்டாது. வயதானவர்கள் இருந்தால் பதிவு செய்யும் முன் "எத்தனை படி, எவ்வளவு ஏற்றம், திரீவீல் வாசல் வரை வருமா" என்று தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். வாவிக்கரையில் குரங்குகள் கையிலிருக்கும் பொதியைப் பறிக்கும், வாழைப்பழத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நடக்காதீர்கள். மாளிகைக்குப் பின்னால் உள்ள உடவத்தகெலே காடு அரச குடும்பத்தின் வனமாக இருந்தது. காலை நடைக்கு அருமை, மழை பெய்திருந்தால் அட்டை ஏறும்.

அப்புறம் இரண்டாவது நாளை என்ன செய்வது? இங்கேதான் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு பேராதனைப் பூங்கா என்கிறார்கள். நல்ல இடம்தான், மறுக்கவில்லை. மகாவலி மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிற 147 ஏக்கர், 1821இல் தொடங்கியது. அரசப் பனைச் சாலை, புல்வெளியில் குடைவிரித்த மாபெரும் ஜாவா அத்தி, இரட்டைத் தேங்காய் காய்க்கும் மரம், பகலில் கிளைகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்கள். 1961இல் யூரி ககாரின் நட்ட மரமும் இங்கே நிற்கிறது. ஓடி விளையாடும் பிள்ளைகளும் மெதுவாக நடக்கும் தாத்தாவும் ஒரே இடத்தில் சந்தோஷப்பட வேண்டுமென்றால் பூங்காவை விட நல்ல இடம் கண்டிப் பக்கம் இல்லை. ஏழரைக்குத் திறக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

ஆனால் கூட வருகிறவர்கள் பெரியவர்கள்தான், கோயில், சிற்பம், பழைய கதை பிடிக்கும் என்றால், பூங்காவை விட்டுவிட்டு மூன்று விகாரைச் சுற்றுக்குப் போங்கள். கடலாதெனிய, லங்காதிலக, எம்பக்கே. பிலிமத்தலாவையில் கொழும்பு வீதியிலிருந்து தவுலகலப் பக்கம் திரும்பினால் மூன்றும் ஒரே வழியில் வரும். கண்டிக்கு முன்னால் கம்பளை தலைநகராக இருந்த 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அரை நாள் போதும். கண்டியிலிருந்து ஒரு திரீவீலை மூன்றுக்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள், காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

கடலாதெனிய வெறும் பாறைமேல் கல்லால் எழுப்பியது. 1344இல் இதைக் கட்டிய தலைமைச் சிற்பி கணேஸ்வராசாரி, தென்னிந்தியர். வாசல் தூணருகே குனிந்து பார்த்தால் ஆடுகிறவர்களும் மேளம் அடிக்கிறவர்களும் சின்னச் சின்னதாகச் செதுக்கப்பட்டிருப்பார்கள். தமிழ்நாட்டுக் கோயில் மண்டபம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சொந்த வீட்டு வேலை என்று உடனே தெரியும். உள்ளே இருப்பது புத்தர், பக்கச் சந்நிதியில் விஷ்ணு.

லங்காதிலகவும் அதே காலம்தான், ஆனால் வேறு மனநிலை. வயல்களுக்கு மேலே எழும்பிய பாறையில் வெள்ளையாக உயர்ந்து நிற்கும். அந்தப் பாறையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் வெட்டியிருக்கிறார்கள். முன்பக்கம் புத்தர் சந்நிதி. கட்டடத்தைச் சுற்றிப் பின்னால் போனால் அதே சுவருக்குள் தேவாலயம், அங்கே கணபதியும் கந்தகுமாரனும் விபீஷணனும் இருக்கிறார்கள். முன்பக்கத்தைப் பார்த்த கையோடு நிறையப் பேர் இறங்கிப் போய்விடுகிறார்கள். பின்னால் போக மறக்காதீர்கள், பூட்டியிருந்தால் திறக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எம்பக்கே கதிர்காமக் கடவுளின் கோயில். முன்மண்டபத்தின் மரத்தூண்களில் ஒவ்வொரு முகத்திலும் ஒரு வேலைப்பாடு: மல்யுத்தக்காரர்கள், இரண்டு தலைப் பறவை, கழுத்து பின்னிய அன்னங்கள், குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய். மேலே நிமிர்ந்து பார்த்தால் கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்கள் ஒரே ஆப்பில் வந்து சேர்ந்து நிற்கும். அதைச் செய்த தச்சன் கை எப்படிப்பட்ட கை என்று ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பாக இருக்கும். தூணைத் தடவிப் பார்க்க ஆசை வரும், தயவுசெய்து தொடாதீர்கள், நூற்றாண்டுகளாகப் பட்ட கை போதும். போகும் வழியில் பித்தளைக் குத்துவிளக்கு செய்கிற பட்டறைகளும் எம்பக்கே பக்கம் மரச்சிற்பக்காரர்களும் உண்டு. வாங்குவதென்றால் நகரத்துக் கடையில் வாங்காமல் இங்கே, செய்கிற கையிடமே வாங்குங்கள்.

சாப்பாட்டுக்குப் பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை. நகரத்தில் சைவக்கடைகள் இருக்கின்றன, காலையில் தோசை, வடை, இடியப்பம், சொதி, சம்பல் கிடைக்கும். இரவுக்கு முஸ்லிம் கடைகளில் கொத்து ரொட்டி, கல்லில் தகடு தாளம் போடுகிற சத்தம் வீதி வரை வரும். மதியத்துக்கு, சுற்றுலாப் பயணிகளுக்காகப் பரப்பி வைக்கிற பெரிய பஃபேயை விட ஒரு சாதாரணக் கடையின் சோறு கறியே மேல். பருப்பு, பலாக்காய், மல்லுங், பொரித்த மிளகாய் என்று சூடாக வரும், விலையும் பாதிக்குக் கீழே. பின்னேரம் பஸ் நிலையத்துப் பக்கம் பழைய கொப்பித் தாளில் மடித்த பருப்பு வடையும் ஒரு பிளேன்டீயும் குடியுங்கள். தயிருக்குக் கித்துள் பாணி கேட்டு வாங்குங்கள், சீனிப்பாகு கலக்காததா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். போயா நாளில், அதாவது பௌர்ணமியன்று, மதுபானம் கிடைக்காது, இறைச்சிக் கடைகளும் மூடியிருக்கும். அன்றைக்கு மாளிகையில் கூட்டமும் மிக அதிகம், பஸ்ஸும் நிரம்பி வழியும். சாவகாசமாகப் பார்க்க வருகிறவர்கள் போயாவைத் தவிர்ப்பது நல்லது.

பெரஹரா, அதாவது மாளிகையின் ஊர்வலத் திருவிழா, நடக்கிற காலம் வேறு கணக்கு. ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் வரும் எசல பெரஹராவில் முதல் ஐந்து இரவு 'கும்பல் பெரஹரா' என்ற சிறிய ஊர்வலம், அடுத்த ஐந்து இரவு 'ரந்தோலி பெரஹரா' என்ற பெரிய ஊர்வலம். கடைசி இரவுகளில் யானைகளும் ஆட்டக்காரர்களும் அதிகம், அறை வாடகையும் நடைபாதை இருக்கை விலையும் அதே அளவுக்கு ஏறும். பெரஹராவை மட்டும் பார்க்க வருவதென்றால் கும்பல் பெரஹரா இரவுகளில் வாருங்கள், மூச்சுவிட இடம் இருக்கும். மாளிகை ஊர்வலத்தின் பின்னால் நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்களும் வரும், கதிர்காம தேவாலயத்தின் முறை வரும்போது காவடி ஆட்டம் வரும். அதுவரை எழுந்து போகாதீர்கள். நகரத்தையும் சேர்த்துப் பார்க்க நினைக்கிறவர்கள் இந்தப் பத்து நாளில் வர வேண்டாம், வீதிகள் அடைபட்டு எதையும் நடந்து பார்க்க முடியாது. ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, அப்போது வாருங்கள்.

எவ்வளவு சொன்னாலும் சிலருக்கு லீவு கிடைக்காது, பகலில்தான் போய்வர முடியும். அவர்கள் விடியுமுன் ஹட்டனிலிருந்து கிளம்பி ஒன்பது மணிக்குள் மாளிகை வாசலில் நிற்கப் பாருங்கள், 9.30 பூசை கிடைக்கும். அதன்பின் மகுல் மடுவ, நாத தேவாலயம், பத்தினி தேவாலயம், மதியச் சாப்பாடு, அவ்வளவுதான். பூங்காவையும் தேயிலை அருங்காட்சியகத்தையும் இதற்குள் திணிக்க வேண்டாம். ரயிலில் திரும்ப ஆசைப்பட்டால் அன்று காலையே நிலையத்தில் விசாரியுங்கள், மலைப்பாதையில் மழைக்கு மண் சரிந்தால் சேவை நின்றுவிடும். பஸ் என்றால் ஹட்டன் பஸ் எந்த இடத்திலிருந்து புறப்படுகிறது என்று இறங்கும்போதே நடத்துனரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்க சன்னலோரம் பிடித்தால் கம்பளை தாண்டியதும் பிள்ளைகளுக்குக் காற்று வரும்.